முதலில் ஓடு உடைத்தவள்

ஆறு கோழிக்குஞ்சுகளும் தின்று முடித்து, ஏழாவது குஞ்சும் தட்டருகே வரும்வரை பட்டியல் சார் வாயிலுள்ள பற்பசை நுரையைத் துப்பமாட்டார். ஒரு கையில் பிரஷ். மறு கையில் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. காதில் பேனா.

"ஏங்க, துப்பிட்டு வந்து எழுதினா கோழி கோவிச்சுக்குமா?" என்பாள் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து. நுரையோடு அவர் சொல்லும் பதில் இதுவரை யாருக்கும் புரிந்ததில்லை.

அலுவலகத்தில் பணிமூப்புப் பட்டியல் தயாரிப்பது அவர் வேலை; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். ஒரே நாளில் இருவர் சேர்ந்திருந்தால், முற்பகல் கையெழுத்துப் போட்டவர் யார், பிற்பகல் போட்டவர் யார் என்று தோண்டி எடுத்துவிடுவார். டீத் தட்டு வந்தால் அவர் கண் தட்டோடு நகரும். புது டைப்பிஸ்ட் அம்மாள் முந்திக்கொண்டு கையை நீட்டினால் ஓர் இருமல். "நீங்க சேந்து எத்தனை மாசமாச்சும்மா? ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்." அந்த அம்மாளின் கை தானாகப் பின்வாங்கும். நான்காவது கோப்பை அவருடையது. ஆடை படிந்திருக்கும். ஊதிவிட்டுக் குடிப்பார்.

வீட்டுக் கொல்லையில் கோழி அடை உட்கார்ந்தபோதே நோட்டு தயாராகிவிட்டது. முதல் குஞ்சு ஓடு உடைத்தது காலை ஆறு பத்துக்கு. கடைசிக் குஞ்சு மறுநாள் மத்தியானம். ஏழுக்கும் நேரப்படி வரிசை எண். முதலாவதை மனைவி 'மூத்தவ' என்று அழைத்தாள்.

இரண்டு மாதம் ஒரு வம்பும் இல்லை. தாய்க்கோழி மறுபடி முட்டையிடப் போய், பிள்ளைகளை அண்டவிடாமல் விரட்டத் தொடங்கியது. அன்றைக்கே கொல்லையில் தேர்தல் வந்துவிட்டது. குஞ்சுகள் இரண்டிரண்டாகக் கழுத்தை நீட்டி, மார்போடு மார்பு மோதி, ஒன்று தலையைத் தாழ்த்தும்வரை விடவில்லை. மூன்றே நாளில் முடிவு தெரிந்தது. அதற்குப் பிறகு கொத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. ஒன்று நிமிர்ந்து பார்த்தால் மற்றொன்று வழிவிட்டது. கடைசியாக ஓடு உடைத்தது உச்சியில். அதற்கு 'சூப்பிரண்டு' என்று பெயர் வைத்தவளும் மனைவிதான். மூத்தவள் அடியில்.

"சர்வீஸ்ல மூத்தவ கடைசியா சாப்பிடறதா? என்ன நியாயம் இது?"

"அதுங்க உங்க நோட்டைப் படிக்கலங்க."

அவர் விடவில்லை. அவசரக் கோப்புகளைக் கட்டும் சிவப்பு நாடாவில் ஒரு துண்டு வெட்டி, மூத்தவள் காலில் முடிந்தார். தான் இல்லாத நேரத்தில் மனைவி அடையாளம் கண்டு அதற்கு முதலில் தீவனம் வைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அலுவலகத்தில் சிவப்பைக் கண்டால் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். கொல்லையில் ஆறும் ஓடிவந்து அந்தச் சிவப்பையே கொத்தின. சாயங்காலம் அவர் வந்து பார்க்கும்போது நாடா எது, காயம் எது என்று தெரியவில்லை.

மனைவி மருந்து தடவி, துணிக்கூடையில் போட்டு, சமையலறையிலேயே மூன்று நாள் வைத்திருந்தாள். புண் ஆறியது. நான்காம் நாள் கொல்லையில் விட்டதுதான் தாமதம், முன்பின் தெரியாதவள் நுழைந்ததுபோல் ஆறும் பாய்ந்தன. அவர் பிரஷ்ஷோடு நடுவில் குதித்துத்தான் மீட்கவேண்டியிருந்தது.

"மூணு நாள் லீவு போட்டா மறுபடி அடியிலேர்ந்தா?" என்றாள் மனைவி, பாதி சிரிப்பில். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஒன்பது வருடத்துக்கு முன் அவள் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவர் சம்பளமில்லாமல் எட்டு மாதம் வீட்டிலிருந்தார். அந்த எட்டு மாதம் பணிமூப்பில் சேராது என்று விதியைத் தேடி எடுத்து, தன் பெயரைத் தானே மூன்று வரி கீழே இறக்கித் தட்டச்சு செய்தவரும் அவர்தான். அலுவலகத்தின் இப்போதைய சூப்பிரண்டுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் அவரே. இதையெல்லாம் அவர் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மூத்தவள் நெஞ்செலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு இளைத்துவிட்டாள். மனைவி தள்ளி இன்னொரு தட்டு வைத்துப் பார்த்தாள். சூப்பிரண்டு இரண்டு தட்டுக்கும் நடுவே ஓடி ஓடி இரண்டையும் காவல் காத்தது.

"இன்னிக்கும் தின்னலேன்னா தாங்காதுங்க," என்று அவளே கொல்லைக்கு இறங்கி வந்தாள். "கண்ணுல படறதாலதானே வந்து கொத்துது. படலேன்னா?"

பட்டியல் சார் நுரையைத் துப்பினார். கையிலிருந்த நோட்டை ஒரு தடவை பார்த்தார். நடுப்பக்கத்தைப் பிரித்து, இரண்டாவது தட்டுக்கு முன்னால் மண்ணில் கூடாரம்போலக் கவிழ்த்து நிறுத்தி, மூத்தவளைத் தூக்கி அதன் மறைவில் விட்டார்.

சூப்பிரண்டு அட்டைக்கு இந்தப் பக்கம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. அந்தப் பக்கத்திலிருந்து டொக், டொக் என்று தட்டில் மூக்கு படும் சத்தம் வந்தது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு விடாமல்.

சூப்பிரண்டு ஆத்திரத்தில் அட்டையைக் கொத்தியது. ஒரு தாளின் ஓரம் கிழிந்து மண்ணில் விழுந்தது.

"ஐயோ, உங்க நோட்டு!" என்றாள் மனைவி.

அவர் குந்தி உட்கார்ந்து, கிழிந்த பக்கம் எதுவென்று பார்க்காமல், அட்டையை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்து வைத்தார்.