வலதுபக்கக் கதவு

அத்தான் அந்தக் காரில் முதன்முதலாக ஏறியது பிழையான கதவால். கராஜின் இரும்புக் கதவை நானும் அவருமாக இழுத்துத் திறந்து, காரின்மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கி, இரண்டு பேரும் தும்மி முடித்ததும், அவர் நேரே வலதுபக்கம் போனார். உள்ளே ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. ஸ்டியரிங் இடதுபக்கத்தில் இருந்தது. மன்னாரில் இருபது வருடம் பஸ்களை வலதுபக்கமிருந்து ஓட்டிப் பார்த்துத் திருத்திய மனுசனுக்கு உடம்பு காட்டிய இடம் அதுதான். கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு, ஒருவரும் பார்க்கவில்லை என்பதுபோல, முழங்காலில் வந்து இறங்கின. நான் பார்த்தேன், சிரித்தும் விட்டேன். கராஜ் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த கிழவரும் பார்த்தார். அவர் "பொய்" என்றார்.

அந்தச் சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலைப் பார்த்திருந்த அந்த வீட்டில் நான் செவ்வாயும் வெள்ளியும் துப்புரவு வேலை செய்தேன். இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் நான் குடியிருந்த பல்லரோவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். இந்த நாட்டில் படித்தவர்களை அவர்களுடைய தொழிலைச் சொல்லியே கூப்பிடுவார்கள் என்பதால் எல்லோருக்கும் அவர் 'இன்ஜெனியேரே'தான். பக்கவாதம் வந்து அவருடைய வலதுபக்கமும் பேச்சும் போன பிறகு, கூடவே இருந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று மகள் என்னிடம் கேட்டார். நான் என் அக்காவின் புருஷனைச் சொன்னேன். அக்கா அப்போது மன்னாரில் இருந்தாள். அத்தான் பலெர்மோவுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கிழவருடைய வாயில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். இத்தாலியனில் அதற்குப் 'பிறகு' என்று அர்த்தம். பசிக்கிறதா என்று கேட்டாலும், குளிரா என்று கேட்டாலும், பாதிரியார் வந்து ஆசீர்வதித்தாலும் அவருக்கு அந்த ஒரு சொல்தான் வரும். தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதல் கிழமை முடிய அத்தான் வாடிய முகத்தோடு என்னிடம் வந்தார். "பிள்ளை, அந்தாள் நான் வாயைத் திறந்தாப் பொய் எண்டுது. மருந்து குடுத்திட்டன் எண்டன், பொய். படுக்கை மாத்தினனான் எண்டன், பொய். அந்தோனியாரிலை சத்தியம் பண்ணினன், அதுக்கும் பொய்! என்னை என்ன கள்ளன் எண்டே நினைக்குது?" நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "அத்தான், உது அவையின்ரை பாசையிலை பேந்து எண்ட அர்த்தம்" என்றேன். அவர், "பேந்து எண்டதும் பொய் எண்டதும் ஒரே சொல்லோ? கெட்டிக்காரச் சனம்தான்" என்றார். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலக வரிசையில் நின்று 'பிறகு வா' என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருந்த எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கார் அமெரிக்கக் கார். இன்ஜெனியேரே இளம் வயதில் அங்கே வேலை செய்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. கடும் பச்சை நிறம், இரண்டே கதவுகள், எட்டு சிலிண்டர். முன்பக்கம் மட்டுமே எங்கள் சமையலறையைவிட நீளமாக இருக்கும். ஸ்ஃபெர்ராகவால்லோவின் ஒழுங்கைகளில் அதைத் திருப்பவே முடியாது என்று மகள் சொல்லுவார். மனைவி இறந்த பிறகு கிழவர் அதைத் தொடவில்லை. கடற்காற்று தன் வேலையைப் பார்த்துவிட்டது. துண்டு துண்டாகக் கழற்றி விற்றுவிடலாம் என்று மகள் வாயெடுத்தபோதெல்லாம் கிழவரின் இடதுகை நாற்காலியின் பிடியில் டப், டப் என்று அடித்தது. மகள் அதைக் கோபம் என்று நினைத்தார். அத்தான் மட்டும், "அது கோபமில்லைப் பிள்ளை. எஞ்சினை ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கச் சொல்லிறார்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

என் கோபம் தொடங்குவது இங்கேதான். அதே மாதம் வடக்கே ரெஜியோவிலிருந்து அத்தானின் சிநேகிதர் ஒருவர் ஒரு தொழிற்சாலை வேலையைப் பற்றிச் சொல்லியனுப்பியிருந்தார். நிரந்தர ஒப்பந்தம், இரண்டு அறையுள்ள வீடு. மனைவியைக் கூப்பிட வேண்டுமானால் இந்த அரசாங்கம் கேட்பது அந்த இரண்டையும்தான். ஸ்ஃபெர்ராகவால்லோவில் அத்தானுக்கு இருந்தது கிழவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டில். அங்கே இருக்கும்வரை அக்கா வர வழியில்லை, போனால் ஒரு வருடத்தில் வந்துவிடலாம். கணக்கு அவ்வளவு சுலபமானது. இந்த மனுசன் என்ன சொன்னார் தெரியுமா? "கார் ஸ்டார்ட் வரட்டும், அடுத்த நாளே போறன்."

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. எட்டு பிளக்கையும் கழற்றி, ஓட்டைகளுக்குள் எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவைத்து, தினமும் ஒரு நீள இரும்புக் கம்பியால் நெம்பிப் பார்த்தார். கிழவர் குளித்து, சாப்பிட்டு, மத்தியானத் தூக்கம் எழும்பிய பிறகு, அவரை நாற்காலியோடு கராஜ் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, போர்வை போர்த்தி இருத்திவிட்டுத்தான் வேலை தொடங்கும். பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ எஞ்சின் ஒரு விரல் அளவு அசைந்தது. அன்றைக்கு அத்தான் எனக்குப் போன் பண்ணிச் சொன்ன மாதிரி, தன் பிள்ளை பிறந்த செய்தியையே ஒருவர் சொல்லமாட்டார். காற்று வடிகட்டிக்குள் எலி குட்டி போட்டு வளர்த்திருந்தது. தாங்கிக்குள் பழைய பெட்ரோல் பிசினாகக் கிடந்தது. சில சாமான்களை மகள் அமெரிக்காவிலிருந்து எடுப்பித்தார், சிலவற்றை அத்தானே பிரான்காச்சோவில் ஒரு பட்டறைக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சரிபண்ணி வந்தார்.

ஒரு கட்டத்தில் வேலை நின்றது. அமெரிக்கக் காரின் நட்டுகள் எல்லாம் அங்குல அளவு. இங்கே எந்தப் பட்டறையில் கேட்டாலும் மில்லிமீற்றர் ஸ்பேனர்தான். அத்தான் யாரிடம் கேட்டார் என்று நினைக்கிறீர்கள்? அக்காவிடம். மன்னார் வீட்டில் கட்டிலுக்குக் கீழே அவருடைய பழைய பஸ் ஸ்பேனர்கள், எல்லாம் அங்குல அளவு, ஒரு சாக்கில் கிடந்தன. அங்கிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் மிளகாய்த்தூளுக்கும் அரிசிமாவுக்கும் நடுவில் அவை வந்து சேர்ந்தன. துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தேங்காயெண்ணெய் பூசி, தன்னுடைய பழைய சேலைத்துண்டில் சுற்றி அனுப்பியிருந்தாள். போனில் என்னிடம், "உன்ரை அத்தானிட்டைச் சொல்லு, அவரின்ரை பச்சைப் பெண்சாதிக்குச் சீதனம் அனுப்பியிருக்கிறன் எண்டு" என்றாள். சிரித்துத்தான் சொன்னாள். ஆனால் நான் அவளுடைய தங்கை. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கராஜுக்கே போய் அத்தானைப் பிடித்தேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். உங்களுக்கு விசரா என்று கேட்டேன். அந்தக் கிழவன் யார், உங்களுக்கு மாமனா மச்சானா என்று கேட்டேன். அவர் காருக்குக் கீழே கிடந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "நான் இஞ்சை வந்து செய்யிறது பீ மூத்திரம் அள்ளிற வேலை. அது பிழையில்லை, ஒருத்தர் செய்யத்தானே வேணும். ஆனா உதுக்குக் கீழை படுத்தாத்தான் நான் ஆரெண்டு எனக்கு ஞாபகம் வருது. அந்தாளுக்கும் அப்பிடித்தான். வேறை ஒண்டுமில்லை" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் குறையவில்லை. அக்கா எப்போது வருவாள் என்று கேட்டேன். "பேந்து" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. வாசலில் இருந்த கிழவரைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் கதையை நானேதான் அக்காவுக்குச் சொன்னேன். பிழைதான். அதற்குப் பிறகு அவர் போனில் "பேந்து கூப்பிடுறன்" என்றாலும், "பேந்து பாப்பம்" என்றாலும், அவள் மறுமுனையில் "பொய்" என்பாள். எந்தப் பாஷையில் சொல்கிறாள் என்று அவர் கேட்பதில்லை. இரண்டாவது மாரி வந்தபோது ரெஜியோ வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன். இரண்டு மாதம் அவள் அவருடன் கதைக்கவில்லை.

கார் ஸ்டார்ட் ஆனது ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை மத்தியானம். மகள் நகரத்திலிருந்து வந்திருந்தார். நான் துடைப்பத்தோடு நின்றேன். அத்தானுக்கு இருந்த பரபரப்பில் மறுபடியும் வலதுபக்கக் கதவைத் திறந்து ஏறி, தன்னையே ஏசிக்கொண்டு இறங்கிச் சுற்றி வந்தார். முதல் முறை இருமியது. இரண்டாவது முறை ஒன்றுமில்லை. மூன்றாவது முறை கராஜ் கூரையிலிருந்து தூசி கொட்டியது. அந்தச் சத்தம் காதுக்கு வரவில்லை, நேரே வயிற்றுக்குத்தான் வந்தது. அயல் வீட்டு நாய்கள் எல்லாம் குரைத்தன. கிழவரின் முகத்தில் அசையக்கூடிய பாதி முழுவதும் அழுதது. அத்தான் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு இறங்கி வந்து, அவர் முன்னால் குந்தி, "போவமா?" என்று தமிழில் கேட்டார். கிழவர் காரைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். "பொய்" என்றார். சரி, வெயில் கொஞ்சம் தணியட்டும் என்று விட்டோம். பிறகு மழை வந்தது. பிறகு அவருக்குச் சளி பிடித்தது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின கிழமை அவர் இறந்துபோனார். ஒரு முழத் தூரம்கூட அந்தக் காரில் போகவில்லை.

செத்தவீட்டில் அத்தான் குடும்பத்தாரோடு முன்வரிசையில் நின்றார். மகள் காரை விற்கவில்லை. வீட்டையும் காரையும் பார்த்துக்கொள்ள அத்தானையே வைத்துக்கொண்டார், முறையான ஒப்பந்தத்தோடு, மேல்மாடி அறைகளோடு. கடைசியில் எல்லாம் நல்லதற்குத்தான் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அக்காவைக் கூப்பிடும் பத்திர வேலைகள் முடிய இன்னும் மூன்று வருடம் போனது. ரெஜியோவுக்குப் போயிருந்தால் அந்த வருடங்கள் அக்காவின் கையில் இருந்திருக்கும். ரெஜியோ வேலை வந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பிள்ளை கிடைக்கக்கூடிய வயது கடந்தது அந்தக் காத்திருப்பில்தான். இதை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அக்கா வந்த அன்றைக்கு அவளைக் கூட்டிவர மகள் அத்தானிடம் காரைக் கொடுத்தார். விமான நிலையத்து வாசலில் பச்சைக் கார் நின்றது, சனம் நின்று படம் எடுத்தது. அக்கா அதை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நேரே இடதுபக்கம் போய்க் கதவைத் திறந்து ஏறி இருந்தாள். மன்னாரில் பெண்சாதி இருக்கும் பக்கம் அதுதானே. ஸ்டியரிங் அவள் மடிக்கு மேல் நின்றது. அத்தான் கையில் கார்த் திறப்போடு ஓடிவந்து, "இறங்குமப்பா, அது என்ரை இடம்" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப என்ரை இடம் எங்கை?" என்று கேட்டாள். அவர் கையால் மறுபக்கத்தைக் காட்டினார். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி, "பொய்" என்றாள். பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடிக்கும்வரை இறங்கவேயில்லை.

அந்தக் கார் இப்போது மகளின் மகனிடம் இருக்கிறது. கோடையில் கடற்கரை வீதியில் அதன் சத்தம் கேட்டால் நாய்கள் குரைக்கும், நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அத்தானுக்குக் கண் மங்கிவிட்டது, கார் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கா லைசன்ஸுக்கான எழுத்துப் பரீட்சையில் இரண்டுதரம் கோட்டைவிட்டு, மூன்றாம்தரம் சித்தியடைந்து, ஒரு சின்னப் பழைய வெள்ளைக் கார் வைத்திருக்கிறாள். ஞாயிறு பூசைக்கு அவள்தான் ஓட்டிக்கொண்டு வருவாள். போன கிழமை கோவில் வாசலில் அவர்கள் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தான் தடவித் தடவிப் போய் வலதுபக்கக் கதவைத் திறந்து ஏறினார். இப்போது அது சரியான கதவு. நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் எழும்பின, ஒன்றும் இல்லாத இடத்தில் கொஞ்சம் நின்றன. அக்கா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, அவருடைய கைகளை மெல்லப் பிடித்து, முழங்காலில் இறக்கிவைத்துவிட்டு, காரை எடுத்தாள்.