சோடாவுக்கு அடங்காத நெஞ்சடைப்பு

காக்களூரில் இரும்புத் தகடு அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். தோழி செல்வியின் விரல் நசுங்கிய மிஷினை மறுநாளே எனக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து, பெடலில் கால் வைத்தாலே நெஞ்சு அடைக்கும், கை மரத்துப்போகும், வேர்த்துக் கொட்டும். "கேஸ் டிரபிள்தான்க்கா, சோடா குடிச்சா சரியாப்பூடும்" என்றார்கள் கூட வேலை செய்பவர்கள். இரண்டு மாதம் சோடாவிலேயே ஓட்டினேன்.

ஒருநாள் மூச்சே நின்றுவிடும்போல் ஆகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இ.சி.ஜி. நார்மல். "அப்போ நான் நடிக்கிறேனா டாக்டர்?" என்று அழுதேன்.

"வலி நிஜம்தாம்மா. ஆனா இது பதற்றத்துல வர்ற வலி. எப்போல்லாம் வருது?"

ஞாயிற்றுக்கிழமை ஒருதடவைகூட வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் சொல்லித்தந்தபடி மூச்சை நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக விடப் பழகினேன். கெஞ்சிக் கேட்டு வேறு மிஷினுக்கு மாறிக்கொண்டேன். நிம்மதி.

போன வாரம், என் பழைய மிஷினில் நிற்கும் தேவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கேஸ் டிரபிள்தான்க்கா. ஒரு சோடா வாங்கினு வரியா?"

வாங்கவில்லை. முதலில் இ.சி.ஜி. எடுக்க அழைத்துப் போனேன். அவளுக்கும் நார்மல். மறுநாள் இருவருமாக சூப்பர்வைசரிடம் போய், கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்புக் கம்பி போடாமல் அந்த மிஷினை இனி யாரும் தொடமாட்டோம் என்று சொன்னோம். அன்று இருவருக்குமே சோடா தேவைப்படவில்லை.