ஊருக்கு ஒரு நர்ஸ் கேட்டு ஜெபித்தேன்

அந்த ஐப்பசியில் நான் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். சபையில் சாட்சி சொல்ல வந்தவள் இப்படியா ஆரம்பிப்பாள் என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். நடந்ததை மறைத்துவிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னால் அது நன்றியாகாது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

திருமழிசைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சின்ன மருந்தகம் ஒன்று உண்டு. ஓலைக் கூரை, இரண்டு கட்டில், ஒரு மேசை, மருந்து அலமாரி. சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் பிரசவம் பார்க்க நாங்கள் இரண்டு நர்சுகள் இருந்தோம். யுத்தம் வந்தது. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியது. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் சம்பளம் அதிகம் என்று என்னோடு இருந்தவள் கிளம்பிப் போனாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், அவளை நம்பியும் ஒரு குடும்பம் இருந்தது. ஆனால் அவள் இடத்துக்கு வரப் பட்டணத்தில் ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. கரி வாயுவில் இருமிக்கொண்டு ஓடும் பஸ்ஸில் பூந்தமல்லி வரை வர வேண்டும். அப்புறம் மாட்டுவண்டி கிடைத்தால் வண்டி, இல்லாவிட்டால் நடை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சேற்றில் நடக்க யாருக்குத் தலையெழுத்து?

எங்கள் பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "பட்டணத்துப் பெண்கள் வர மாட்டார்கள். அந்த ஊர்ப் பெண்ணையே பயிற்சிக்கு அனுப்பு. தை மாதம் புது வகுப்பு. அதற்குள் ஒருத்தியாவது வராவிட்டால் மருந்தகத்தை மூட வேண்டியதுதான்" என்றார்.

ஒரே ஒரு பெண். எழுதப் படிக்கத் தெரிந்தவள். அவ்வளவுதான் நான் ஆண்டவரிடம் கேட்டது. காலையிலும் மாலையிலும் கேட்டேன். கெஞ்சினேன்.

ஆடி மாதம் முதல் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பெண்ணைப் பெற்றவர்கள் பயப்படுவார்களே என்று ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். "உங்கள் மகளை நாங்களே வைத்துக்கொள்ள மாட்டோம். படிப்பு முடிந்ததும் இதே ஊருக்கு, உங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவாள்." இதைவிட ஆறுதலான வார்த்தை வேறென்ன இருக்கிறது? ஆனால் அதைச் சொன்ன வீட்டிலெல்லாம் அந்த இடத்தில்தான் முகம் மாறியது. சிலர் எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

அஞ்சலையம்மாள் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதிகம். அவளுக்குக் கொஞ்சம் நெல் நிலம், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள், வீட்டில் இரண்டு மருமகள்கள். "இன்னாமே பேசற நீ? எம் பொண்ணு ஊட்டுக்குத் திரும்பி வந்துடுவான்ற! ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா? எழுந்து போ!" என்று கத்தினாள். நான் வேதக்காரி என்பதால் வந்த வெறுப்பு என்று நினைத்துக்கொண்டு, விசுவாசத்துக்காகப் பாடுபடுகிற பெருமையோடு வெளியே வந்தேன்.

வாசல் தாண்டியதும் சின்ன மருமகள் கண்ணம்மா ஒரு லோட்டா மோரோடு பின்னால் வந்தாள். ஆறு மாதம். தாய் இல்லாதவள், அதனால் தலைப்பிரசவமும் மாமியார் வீட்டிலேதான். "எனக்கு நோவு எடுத்தா நீ வருவியாக்கா?" என்று கேட்டாள். "கட்டாயம் வருவேன்" என்றேன்.

நான் போகவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலை நேமம் பக்கம் ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். குழந்தை கால் பக்கமாக இறங்கியிருந்தது. விட்டுவிட்டு நகர முடியாத நிலை. அந்தத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அதே நேரத்தில் கண்ணம்மாவின் புருஷன் மழையில் மருந்தகத்துக்கு ஓடி வந்திருக்கிறான். பூட்டியிருந்தது. திரும்பிப் போயிருக்கிறான். மறுபடி ஓடி வந்திருக்கிறான். அப்போதும் பூட்டுதான். குழந்தை குறுக்கே கிடந்திருக்கிறது. உதவிக்கு இன்னொரு கை இருந்திருந்தால் அவளைக் கட்டிலோடு தூக்கிப் பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாம். மத்தியானம் முழங்கால் சேற்றோடு நான் அந்த வீட்டை அடைந்தபோது, பிள்ளையோடு போய்விட்ட அவளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"தேவ சித்தம், மனசைத் தேற்றிக்கொள்ளம்மா" என்று சபைப் பெரியவர் ஒருவர் சொன்னார். பூட்டிய கதவு தேவ சித்தமா என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். ஒரே ஒரு பெண்ணைத்தானே கேட்டேன்? ராஜ்யத்தையா கேட்டேன்? அன்றிலிருந்து வேதத்தைத் திறப்பேன், ஒரு வரி ஓடாது, மூடிவிடுவேன். பாட்டில்களைக் கழுவுவேன். கழுவியதையே மறுபடி கழுவுவேன். கார்த்திகை பிறந்ததும், இங்கே யாரும் கிடைக்கவில்லை, மருந்தகத்தை மூடிவிடலாம் என்று டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். தபாலில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் காலை அஞ்சலையம்மாள் வந்தாள். பின்னால் பெரிய மருமகள் செல்லம்மா. பாக்கி வைத்த திட்டைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்து நின்றேன்.

"எத்தினி மாசமா பொண்ணு பொண்ணுன்னு ஊரைச் சுத்திகினு இருந்தே. பொண்ணு இன்னிக்கி இங்க கீறா, நாளைக்கிக் கட்டிக் குடுத்தா எந்த ஊருக்கோ பூடுவா. அவளப் படிக்க வச்சா நம்ம ஊருக்கு இன்னா லாபம்?" என்றாள். "அதுலயும் நீ சொன்னே பாரு ஒரு வார்த்தை, ஊட்டுக்கே திரும்பி வந்துடுவான்னு. பொண்ணு தாய் ஊட்டுக்குத் திரும்பி வந்து குந்திகினா அவளுக்கு இன்னா பேருன்னு தெரியுமா ஒனக்கு? வாழாவெட்டி. அத்தப் போயி ஊடு ஊடா சொல்லிகினு வந்தியே!"

நான் மிஷன் விடுதியில் வளர்ந்தவள். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் எனக்குப் புத்தகத்தில் படித்த வார்த்தைகள். ஆறுதல் என்று நினைத்து வாசல் வாசலாக நின்று பெற்றவர்களின் வயிற்றில் நெருப்பைக் கொட்டியிருக்கிறேன். அதற்கு மேல், என்னை வெறுக்கிறார்கள் என்று அவர்கள் மேல் பழியும் போட்டிருக்கிறேன்.

"இந்த ஊருக்கு நர்ஸ் வோணும்னா, இந்த ஊருலயே கட்டை வேவப் போறவளக் கேக்கணும். மருமவளக் கேக்கணும்" என்றாள் அஞ்சலையம்மாள். "எம் பெரியவன் பாம்பு கடிச்சி செத்துப் பூட்டான். இவ அஞ்சாவது படிச்சவ. புள்ளைய நான் பாத்துக்கறேன், இவள இட்டுகினு போ. அன்னிக்கி மட்டும் இங்க ஒருத்தி இருந்திருந்தா..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்லம்மாவிடம் உனக்கு இஷ்டமா என்று கேட்டேன். "கண்ணம்மா தலைய மடியில வச்சிகினு குந்தினு இருந்தேன் நர்சம்மா. இன்னா செய்யறதுன்னு ஒண்ணுமே தெரியல. தெரிஞ்சிக்கணும்" என்றாள்.

அவர்கள் போன பிறகு முழங்காலிட்டேன். ஸ்தோத்திரம் என்று சொல்ல வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, கண்ணம்மா போன பிறகு கிடைத்தது. ஏன் அப்படி என்று இன்றுவரை ஆண்டவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்பதை விடவில்லை. ஆனால் அவர் அந்த ஊரைக் கைவிடவில்லை என்பது மட்டும் அன்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நான் கைவிட்டுக் கடிதம் எழுதி வைத்திருந்தபோது, தன் மருமகளைச் சாவுக்குத் தூக்கிக் கொடுத்த ஒரு தாயை அவர் என்னிடம் அனுப்பினார்.

தை மாதம் செல்லம்மா வகுப்பில் சேர்ந்தாள். பிள்ளை ஞாபகத்தில் அழுதாள், ஆனால் ஓடிவரவில்லை. நான் அடுத்த ஊர்களுக்குப் போய் மருமகள்களைக் கேட்டேன். முதலில் அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் நான் பேசினேன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். இப்போது நான் ஒரு பக்கம் போனால் செல்லம்மா மருந்தகத்தில் இருக்கிறாள். யுத்தம் முடிந்துவிட்டது, மருந்தகம் மூடப்படவில்லை. தேவனுக்கே ஸ்தோத்திரம். இதை அழாமல் என்னால் சொல்ல முடிவதில்லை, மன்னியுங்கள்.

உங்களில் எத்தனையோ பேர் எனக்காக ஜெபித்தீர்கள். மறக்க மாட்டேன். ஆனால் வந்த மூன்று பேரில் ஒருத்திகூட நம் சபையைச் சேர்ந்தவள் இல்லை. பிரியமானவர்களே, நம் ஜெபத்தைக் கேட்கிறவரை நம்புங்கள், தாமதித்தாலும் நம்புங்கள். நம்பிக்கையோடு இன்று வீட்டுக்குப் போய், உங்கள் மருமகளை உட்கார வைத்து, நீ நர்ஸ் படிக்கப் போகிறாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.