எட்டு மில்லிமீட்டர் கம்பிக்காகத் திண்டுக்கல்லில் காத்திருந்த நாள்

இந்தப் பயணம் போய் ஐந்து மாதமாகிறது. ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. திண்டுக்கல்லில் பள்ளியில் என்னோடு ரிலே ஓடிய செல்வமேரி இப்போது அங்கேயே விளையாட்டு ஆசிரியை. எரியோடு சாலையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே எலும்பு முறிந்துவிட்டது. "அண்ணன் ஒண்ணு சொல்லுது, டாக்டர் ஒண்ணு சொல்றாரு. நீ கூட இருந்தா நல்லாருக்கும்டி" என்று போன் செய்தாள்.

கோவை உக்கடத்தில் காலை 5.40 பஸ். பழனி வரை 105 கிலோமீட்டர், 85 ரூபாய். அங்கே மாறி ஒட்டன்சத்திரம் வழியாக இன்னும் 58 கிலோமீட்டர், 50 ரூபாய். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டேன். "ஏனுங்க, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். பத்தேகாலுக்கு இறங்கினேன்.

கட்டிலில் கிடந்தவளின் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் சிரித்தாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். காலைத் திறந்து தகடு வைக்கலாம். ஆனால் தோல் வீங்கியிருக்கிறது. முழங்கால் பக்கம் சிறிதாகக் கீறி எலும்புக்குள்ளேயே நீளமான கம்பியை இறக்கி, மேலும் கீழும் திருகு போட்டால் சீக்கிரம் கால் ஊன்றலாம். அவர் அதை நெயில் என்றார். நல்ல காலை டேப்பால் அளந்து நீளத்தைக் குறித்துக்கொண்டார். அந்த இடது காலைப் பார்த்தபோது, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் அது புழுதி கிளப்பிய மாலைகளெல்லாம் எனக்குள் ஓடின.

சிக்கல் தடிமனில் வந்தது. மேரியின் எலும்புக்குள் இடம் ஒடுக்கம். கைவசம் இருந்த டைட்டானியம் கம்பிகள் ஒன்பது மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. எட்டு மில்லிமீட்டர் எஃகுக் கம்பி மதுரையிலிருந்து மறுநாள்தான் வரும். அண்ணன் சேவியருக்கு ஒப்பவில்லை. விலை கூடினதை விட்டுவிட்டுக் குறைந்ததற்குக் காத்திருப்பதா, தங்கச்சி காலைக் கெடுத்துவிட்டான் என்று ஊர் பேசாதா என்று கேட்டார்.

இந்த முறிவுக்கு ரெண்டு உலோகமும் ஒன்றுதான், பொருந்துகிற அளவுதான் முக்கியம், தடித்ததை இறக்க எலும்பை அதிகம் குடைய வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அப்புறம் மேரியிடம் நேராகச் சொன்னார்: "டீச்சர், ஒண்ணு மறைக்கக் கூடாது. எந்தக் கம்பி வச்சாலும் முட்டி போட்டா கொஞ்ச காலம் வலிக்கலாம். சிலருக்கு நீடிக்கவும் செய்யும்."

மேரி தலையாட்டினாள். "சர்ச்சுப் பூசையில முட்டி போடாம நின்னுக்கிறேன் டாக்டர். எனக்கு ஓடணும். நாளைக்கே வச்சுக்கலாம்." அண்ணன் அவள் தலையில் கை வைத்தார். அத்தோடு முடிந்தது.

மதியத்துக்கு மேல் என்னை மலைக்கோட்டைக்குத் துரத்தினாள். டிக்கெட் 25 ரூபாய். பள்ளி நாட்களில் போட்டிக்கு முன்னால் இந்தப் படிகளில்தான் இருவரும் மூச்சு வாங்க ஏறுவோம். முதலில் உட்காருகிறவள் சர்பத் வாங்கித் தர வேண்டும். நான்தான் எப்போதும் வாங்கித் தந்தேன். இம்முறை நான்கு இடத்தில் உட்கார்ந்தேன், கேலி செய்ய ஆளில்லை. உச்சியிலிருந்து எங்கள் பள்ளி மைதானத்தைத் தேடினேன். பாதியில் கட்டடம் எழும்பியிருந்தது.

மறுநாள் மதுரையிலிருந்து கம்பி வந்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் நான் சொல்வது இதுதான். விலையை வைத்துக் கம்பியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். என்ன தடிமன், ஏன் அது, எப்போது கால் ஊன்றலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். எக்ஸ்ரேயைப் பத்திரமாக வையுங்கள். மலைக்கோட்டைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பாறை நன்றாகச் சுடும்.

மேரிக்கு முட்டி போட்டால் இன்னும் வலிக்கிறதாம். எலும்பு கூடிவிட்டது என்று போன வாரம் டாக்டர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ வந்தது. மைதானத்தில் இருபதடி தூரம் ஓடுகிறாள். அதை ஓட்டமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.