இருநூறு பேர் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்

"இருநூறு போதும்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்க? கிளையன்ட் பட்ஜெட்டே போட்டாச்சு" என்றார் மேனேஜர். ஃபோனில் அவர் குரல் உயரவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புள்ளியியல் படித்துவிட்டு, உத்திரமேரூரில் வீட்டிலிருந்தபடி ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். கணவருக்கு ஓசூரில் வேலை. பகலெல்லாம் நானும் கைக்குழந்தையும் லேப்டாப்பும்தான். ஓர் எண்ணைப் போட்டுவிட்டு 'இது சரியா?' என்று கேட்கப் பக்கத்தில் ஆள் கிடையாது.

அந்த ஆய்வு, கிராமத்துக் குழந்தைகள் காப்பகம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. சாய்ஸ் எக்ஸ்பெரிமென்ட் முறை. தாய்மார்களிடம் இரண்டு அட்டைகளைக் காட்டுவோம். ஒன்றில் காப்பகம் கிட்டத்தில், ஒன்பது மணிக்குத் திறக்கும். மற்றதில் தூரத்தில், ஆறு மணிக்கே திறக்கும். இப்படிப் பல ஜோடிகள். ஒரே மாதிரி தேர்ந்தெடுப்பவர்களை லேட்டன்ட் கிளாஸ் மாடல் தனித்தனிப் பிரிவுகளாகக் காட்டும்.

இதில் சாம்பிள் சைஸுக்கு, அதாவது எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதற்கு, ஒரே சூத்திரம் இல்லை. மிகச் சிறிய பிரிவு எவ்வளவு சிறியது, மற்றவர்களிடமிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் சிலரிடம் மட்டும் நடத்திப் பார்த்த பைலட்டில் இரண்டே பிரிவுகள் வந்தன: கிட்டத்தில் வேண்டும் என்பவர்கள், காப்பகத்திலேயே குழந்தைக்குச் சாப்பாடு வேண்டும் என்பவர்கள். அதே மாதிரி செயற்கை டேட்டா உருவாக்கி எத்தனை பேர் இருந்தால் பிரிவுகள் தெரியும் என்று சிமுலேஷன் ஓட்டினேன். இருநூறு போதும் என்று வந்தது. அனுப்பினேன்.

அனுப்பிய பிறகு உறுத்தியது. பைலட்டில் ஆறு மணி அட்டையை ஏறக்குறைய யாருமே எடுக்கவில்லை. ஆனால் விடியலில் கம்பெனி வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு போவதை நான் தினமும் பார்க்கிறேன். கைக்குழந்தையோடு வேலை பார்க்கும் என் கவலையை டேட்டாவில் தேடுகிறேனா என்றும் தோன்றியது. மகளைத் தூக்கிக்கொண்டு பைலட் நடந்த இடத்துக்கே போனேன்.

நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை. எங்கள் ஃபீல்டு ஆள் பெண்களை ஒன்றாக உட்காரவைத்துத்தான் கேட்டிருந்தார். நானும் அப்படியே அட்டைகளை நீட்டினேன்.

"இன்னாம்மா, மறுபடியும் சீட்டுக்கட்டா?" என்று சிரித்தார் கன்னியம்மா. அங்கே அவர் சொல்வதுதான் எடுபடும். "கிட்ட கீறதைக் காட்டுங்கடி. நமக்கு இன்னா, விடிகாலைல வேனா வந்து நிக்குது?"

எல்லா விரல்களும் அந்த அட்டைக்கே போயின. ஓரத்தில் இருந்த செல்வி என்பவளின் விரல் மட்டும் சற்றுத் தயங்கிப் போனது.

நான் திரும்பும்போது செல்வி பின்னாலேயே வந்தாள். "எனக்கு அந்த ஆறு மணி அட்டைதான்க்கா வோணும். கம்பெனில கூப்டுகினு கீறாங்க. புள்ளைய வுட எடம் இல்ல."

"அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டு? புள்ளைய வுட்டுட்டு ஓடப் பாக்கறான்னு ஊரே பேசும். நீங்களும் புள்ள பெத்தவங்கதானக்கா."

வீடு வந்ததும் ஃபீல்டு ஆளை அழைத்தேன்.

அவரை வீடுவீடாகப் போய்த் தனித்தனியாகக் கேட்கவைத்தேன். மூன்றாவதாக ஒரு சிறு பிரிவு தெரிந்தது. அதையும் சேர்த்து சிமுலேஷன் ஓட்டினால், இருநூறில் அது பெரிய பிரிவுக்குள் கரைந்துபோனது. ஐநூறில் தனியாக நின்றது. அதைச் சொல்லத்தான் மேனேஜரை அழைத்திருந்தேன்.

"காப்பகம் எப்பத் தொறக்கணும்னு இதை வெச்சுத்தான் சார் முடிவு பண்ணுவாங்க. இருநூறுல ஒன்பது மணின்னுதான் வரும்."

"ஐநூறு கரெக்ட்னு ஷ்யூரா?"

"இருநூறு தப்புன்னு ஷ்யூர் சார்."

"கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

நானூறுக்குத்தான் சம்மதம் கிடைத்தது. குறைந்த ஆட்களுக்கு ஏற்றபடி அட்டையில் ஓர் அம்சத்தைக் குறைத்து சிமுலேஷனை மறுபடி ஓட்டினேன். பெரும்பாலும் அந்தப் பிரிவு தப்பித்தது, எப்போதும் அல்ல. அதையும் எழுதியே அனுப்பினேன்.

சர்வே முடிந்தபோது அந்தச் சிறு பிரிவு தனியாகத் தெரிந்தது. ஆறு மணிக்குத் திறக்கலாம் என்ற பரிந்துரை போயிருக்கிறது. நான் கற்றது இதுதான்: கூட்டத்தில் இருபது பேர் சொன்னது உண்மையில் ஒரே ஒருவரின் பதிலாக இருக்கலாம். எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடும் முன், பைலட்டில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டார்களா என்று பாருங்கள்.

பிறகு பேருந்து நிலையத்தில் செல்வியைப் பார்த்தேன். "என்னை மாதிரி வேற யாராச்சும் சொன்னாங்களாக்கா?"

"சொன்னாங்க."

"யாருக்கா?"

யார் என்ன சொன்னார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. சொல்லவில்லை. தன்னைப் போன்றவர்கள் யாரென்று தெரியாமலே அவள் தன் பேருந்தில் ஏறிக்கொண்டாள்.