வெளியில் என்னைத் தெரியாதவர்

வலையிறவுப் பாலத்து விளக்குக் கம்பத்தில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. படத்தில் தவராசா அண்ணன். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டேன். பின்னால் இருந்த மனைவி, "ஆரு, தெரிஞ்ச ஆளா?" என்றாள். "இல்ல" என்றேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு அன்று முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பாலியல் நோய் கிளினிக்கில் அவர் ஆண் தாதி. அவரை அறிந்த உங்களில் பலரும் அறிந்ததாகச் சொல்லமாட்டீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், நானும் பெயர் போடாமல்.

ஏழு வருடங்களுக்கு முன், கட்டாரில் வேலை செய்தபோது ஒரு தடவை இன்னொருத்தியிடம் தவறிவிட்டு ஊர் திரும்பியவன் நான். வந்த சில கிழமைகளில் தொடை எரியத் தொடங்கியது. அடிவயிற்றுக்குக் கீழே சிறு பருக்கள். ஹெர்ப்பிஸ் என்று நானே தீர்ப்பெழுதினேன். முதுகு நோவென்று மனைவியிடம் சொல்லி, மூன்று மாதம் அறைக்கு வெளியே ஹோலில் பாய் போட்டேன். போனில் படங்களைப் பார்த்து ஒப்பிட ஒப்பிட எரிவு கூடியதுதான் மிச்சம்.

கடைசியில் கிளினிக்குக்குப் போய், தவராசா அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். "தம்பி, பயத்த எங்களால சோதிக்க ஏலா. தோலக் காட்டுங்க" என்றார். டொக்டர் பார்த்தார், பரிசோதனையும் செய்தார்கள். ஹெர்ப்பிஸ் இல்லை. வெள்ளிக்கு வெள்ளி பழைய பிளேட்டால் மழித்ததில் வந்த பருக்கள் அவை. சாரத்துக்கு மேல் நான் இறுக்கிக் கட்டும் அகலப் பெல்ட், தொடைக்குப் போகும் நரம்பை நசுக்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

"பெல்ட்ட ரெண்டு ஓட்டை தளத்துங்க. நோய் இல்லயெண்டு நாங்க துண்டு எழுதித் தந்திட்டம். வீட்ட சொல்ல வேண்டியத நீங்கதான் சொல்லணும்."

"சொல்லுறன்" என்றேன். சொல்லவில்லை. எரிவு அடங்கியதும், முதுகு சுகமென்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

"வெளிய கண்டா எனக்கு உங்களத் தெரியாது" என்பது அவர் எல்லோருக்கும் தந்த வாக்கு. சந்தையில் எதிர்ப்பட்டால் முகத்தைப் பார்க்கமாட்டார். கண் மட்டும் ஒரு கணம் என் பெல்ட்டுக்குப் போய்வரும். அது என்னை உறுத்தும்.

அறிவித்தலைக் கண்ட மறுநாள், வவுணதீவில் அவர் வீட்டு முற்றத்தில், ஒருவரையொருவர் பாராமல் பல ஆண்கள் நின்றோம். அவர் மனைவி, "தம்பிக்கு இவர எப்பிடிப் பழக்கம்?" என்று கேட்டார். "எனக்கு உதவி செய்தவர்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "முதுகு நோவு பொய்யெண்டு அண்டைக்கே தெரியும். என்ன பொய்யெண்டுதான் தெரியாம இருந்தன்" என்றாள்.

தவராசா அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது தளர்த்திய ஒரு பெல்ட்டும் பிந்திச் சொன்ன ஓர் உண்மையும். இப்போது ஹோலில் அவள் பாய் போடுகிறாள்.