கல்லாங்குத்தில் பன்னிரண்டு கொட்டகைகள்

சேலத்துக்குத் தெற்கே யாருக்கும் சொந்தமில்லாத நிலம் எங்கெங்கே கிடக்கிறது என்பது கர்ணத்துக்கு ஏட்டைப் பார்த்தால் தெரியும். சென்றாயனுக்கு ஏடு வேண்டாம், நடந்தாலே தெரியும். தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் ராமாத்தாள் இப்படித்தான் தொடங்குவாள். சொல்லும்போது கழுத்து ஒரு விரல்கடை உயர்ந்துவிடும்.

அவன் இரண்டரை வருஷம் நிலம் அளக்கும் சர்வே ஆட்களோடு அளவுச் சங்கிலி பிடித்தவன். ஒவ்வொரு எல்லைக் கல்லையும் கையால் தடவிப் பார்த்தவன். சர்வே வேலை வடக்கே வேறு ஜில்லாவுக்குப் போனபோது கூட வரச்சொல்லிக் கேட்டார்கள். அக்காள் தாலியறுத்துத் தனியாக இருக்கிறாள் என்று சொல்லி அவன் நின்றுகொண்டான். அவள் அவனுக்கு ஒன்பது வயது மூத்தவள். தாய் போனபின் அவனுக்குச் சோறு பிசைந்து போட்டவள். அவளுக்கு இருந்தது ஒரு வீடும், மழையை நம்பிய ஒன்றேகால் ஏக்கர் மேட்டுக்காடும். அவன் ரோட்டுக்குக் கல் உடைக்கப் போனான்.

கார்த்திகை பிறந்து பனி இறங்கினால் அந்தக் காலத்தில் சேலத்தில் எல்லார் கண்ணும் வீட்டு விட்டத்தின் மேல்தான் இருக்கும். விட்டத்திலிருந்து ஓர் எலி தானாகச் செத்து விழுந்தால் பிளேக் வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்க் கொட்டகை போட்டுக்கொள்ள வேண்டும். பின்னால் முனிசிபல் ஆட்கள் வந்து கூரை ஓட்டைப் பிரித்து வீடு முழுக்க மருந்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். தை கடைசிக்கு முன்னால் யாரும் திரும்புவதில்லை.

எங்கே போவது என்பதுதான் பெரிய பாடு. பட்டா நிலத்தில் காலை வைத்தால் பட்டாக்காரன் தடியோடு வருவான். ஊரை ஒட்டித் தங்கினால் ஊர்க்காரர்கள் கல்லெறிவார்கள். எலி விழுந்த தெருக்காரர்கள் என்று தெரிந்தால் கிணற்றடியில் நிற்கக்கூட விடமாட்டார்கள். அதனால் புறம்போக்காக இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும், எலி திரிகிற களத்துமேடு பக்கத்தில் இருக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே ஆட்கள் இருப்பது வெளியே தெரியக்கூடாது.

சென்றாயன் இடம் பார்க்கும் விதமே தனி. புரட்டாசியிலேயே தேட ஆரம்பித்துவிடுவான். ஓர் இடம் பிடித்துவிட்டால் அங்கே பச்சைத் தழையைப் போட்டுப் புகை மூட்டுவான். ராமாத்தாள் அரை மைல் தள்ளி வண்டிப்பாதையில் நிற்க வேண்டும். புகை மரத்துக்கு மேலே தெரிந்தால் இடம் ஆகாது. அடுத்து ஒரு தகரத்தைத் தட்டுவான். சத்தம் அவள் காதுக்கு எட்டினாலும் ஆகாது. காற்று மாறும் என்று காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. அவள் பாதையில் நின்று இவ்வளவையும் பார்த்துச் சொல்வாள். இப்படி ஐந்து வருஷம் ஐந்து இடம். அந்த ஐந்து வருஷத்தில் அவர்கள் தெருவில் ஓர் உயிர் போகவில்லை. சுற்றியிருந்த தெருக்களில் குடும்பம் குடும்பமாகப் போயிருக்கிறது.

ஆறாவது இடம்தான் ஜருகுமலை அடிவாரத்துக் கல்லாங்குத்து. மூன்று பக்கம் யானை யானையாகப் பாறைகள், நடுவே பன்னிரண்டு கொட்டகை போடும் அளவுக்குத் தரை, பாறை இடுக்கில் கோடையிலும் வற்றாத ஓர் ஊற்று. அதற்குள் நின்று கத்தினாலும் வெளியே கேட்காது. சர்வேயில் இருந்தபோதே பார்த்து மனதுக்குள் வைத்திருந்த இடம்.

குரோதன வருஷம் கார்த்திகை பதினொன்றாம் தேதி மாதையன் வீட்டில் எலி விழுந்தது. மாதையன் அந்தத் தெருவுக்குப் பெரியவர். மறுநாள் விடிந்ததும் பன்னிரண்டு குடும்பமும் பனையோலையும் சோளத்தட்டும் சுமந்துகொண்டு சென்றாயன் பின்னால் நடந்தது.

கல்லாங்குத்துக்குள் நுழைகிற வழியில் ஒரு புளியமரம். அதன் கீழே இரண்டு பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கேதான் மூட்டை சோதனை. துணியெல்லாம் அண்டாவுக்குள் போக வேண்டும். வீட்டுத் தானியம் ஒரு பிடி கூடாது, சாக்கு கூடாது, வைக்கோல் கூடாது. சாப்பாட்டுக்கு வேண்டிய கேழ்வரகை வெளியூர்ச் சந்தையில் முன்பே வாங்கிப் பாறை மேல் காயவைத்திருந்தான். சர்வே முகாமில் இதெல்லாம் சட்டம். எலியோடு போகிற நோய் இல்லை, எலி மேலிருக்கிற தெள்ளுப்பூச்சி சாக்கிலும் தானியத்திலும் ஏறிக்கொண்டு வரும் என்று அங்கே கேட்டு வைத்திருந்தான்.

"ஏன்டா சென்றாயா, சேவலையுமா உட்டுட்டு வரச் சொல்ற? அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் மாதையன். அக்குளில் ஒரு சேவலை இடுக்கியிருந்தார்.

"அது பாறை மேல ஏறிக் கூவுமுங்க மாமா. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஊரு."

"கூவாம இருக்கச் சொல்லி நான் சொல்லிக்கிறேன்."

"உங்க பேச்ச உங்க ஊட்லயே யாரும் கேக்கறதில்ல, சேவலா கேக்கப் போகுது?" என்றாள் அவர் மருமகள் குப்பாயி. எல்லாரும் சிரித்தார்கள். சேவல் அன்றைக்குக் குழம்பானது.

மாதையனின் மூட்டையையே அவன் கடைசி முடிச்சு வரை அவிழ்த்தான். குப்பாயியின் தலையணையைக் கிழித்துப் பஞ்சை நெருப்பில் போட்டான். அவள் முணுமுணுத்தாள். அவன் காதில் வாங்கவில்லை.

கடைசியாக ராமாத்தாள் வந்தாள். தலையில் ஒரு கூடை, கூடையைச் சுற்றிச் சாக்கு, சாக்கின் மேல் புடவை. சென்றாயன் நிமிர்ந்து கூடையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"நீங்க போங்கக்கா. புடவைய மட்டும் அண்டாவுல போட்டுட்டுப் போங்க" என்றான்.

கூடைக்குள் விதைக் கேழ்வரகு இரண்டு வள்ளம் இருந்தது. சாம்பல் கலந்து, வேப்பிலை போட்டு, வாயைச் சாணத்தால் மெழுகி மூடியிருந்தாள். வீட்டில் விட்டால் மருந்துத் தண்ணீரில் நனைந்து வீணாகும், ஆடியில் காட்டுக்கு எதைக் கொண்டு போவது? தானியம் கூடாது என்று தம்பி சொன்னது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தானியம் தின்பதற்கு, இது விதை. அதை விட்டுவிட்டுப் போகிற குடும்பம் எங்காவது உண்டா? சாணம் மெழுகிய கூடைக்குள் எலி எப்படிப் போகும்? இப்படி எண்ணித்தான் எடுத்து வந்தாள். பரணில் கூடையைச் சுற்றியிருந்த சாக்கை அவள் நினைக்கவேயில்லை.

இரண்டாம் நாள் பனி கடுமையாக இறங்கியது. பாறை ஐஸாகக் குளிர்ந்தது. அடுத்த கொட்டகையில் இருந்த குப்பாயி வந்து நின்றாள்.

"தலையணையும் போச்சு, கீழ விரிக்க ஒண்ணுமில்லீங்க அக்கா. உங்க தம்பி என்னக் கல்லு மேல படுக்க வெச்சுட்டாரு" என்றாள்.

ராமாத்தாள் சாக்கை உருவிக் கொடுத்தாள். "அவன் கண்ணுல படாம விரிச்சுக்க" என்றும் சொன்னாள்.

ஏழாம் நாள் குப்பாயிக்குக் காய்ச்சல் அடித்தது. எட்டாம் நாள் தொடை இடுக்கில் கட்டி. பத்தாம் நாள் மதியம் போய்விட்டாள். அவளைப் பார்த்துக்கொண்ட மாரியாயி, மாதையனின் தங்கை, பதின்மூன்றாம் நாள் போனாள்.

குப்பாயியைத் தூக்கிய அன்றே ராமாத்தாள் அந்தச் சாக்கை எரிப்பதற்காக எடுத்தாள். மடித்துத் தைத்த ஓரத்தில் ஏதோ உறுத்தியது. பிரித்துப் பார்த்தாள். காய்ந்துபோன எலிக்குஞ்சு ஒன்று, இரண்டு விரல்கடை நீளம். அதோடு சேர்த்துச் சாக்கை நெருப்பில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மூன்று நாளில்தான் மாரியாயியும் போனாள்.

தெரு ஆட்கள் ஊற்றுக்குப் பக்கத்தில் கூடினார்கள். மாதையன் அழுது முடித்திருந்தார். இப்போது கோபம் வந்திருந்தது.

"எடம் கெட்ட எடமுங்கறேன். மனுசன் கால் படாத எடத்துல கொண்டாந்து வெச்சுட்டான். இங்க எது குடியிருந்துச்சோ, அதோட எடத்த நாம புடுங்கிக்கிட்டோம். ரெண்டு மாசமா எடம் பாத்தேன் எடம் பாத்தேன்னு பீத்துனியே, இதையா பாத்த? சொல்லுடா!"

ஐந்து வருஷம் சென்றாயன் காட்டிய இடத்துக்குக் கேள்வி கேட்காமல் வந்தவர்கள் ஒருவர்கூட அவன் பக்கம் பேசவில்லை. மறுநாள் கொட்டகைகளைப் பிரித்துக்கொண்டு போவதென்று முடிவானது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் ராமாத்தாள் அவனிடம் சாக்கையும் எலிக்குஞ்சையும் சொன்னாள். அவன் அதிர்ச்சியடையவில்லை.

"கூடையப் பாத்தன்னிக்கே தெரியுங்கக்கா" என்றான்.

"தெரிஞ்சா ஏன்டா அவுக்கல? மாதையன் மாமா மூட்டைய அவுத்த. என்னுத ஏன் உட்ட?"

"உங்க மூட்டைய நான் எப்படிங்கக்கா அவுக்கறது? அத்தன பேரு முன்னால?"

அவள் கன்னத்தில் அறைந்துகொண்டாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாமி, நாளைக்கு நானே சொல்லிப்போடறேன்."

"வேண்டாங்கக்கா. எடத்து மேலயே இருக்கட்டும். எடத்துக்கு என்ன வலிக்கவா போகுது?"

அவனுக்கு வலித்தது என்பது அவளுக்குத் தெரியும். அவனிடம் நிலம் இல்லை, பெண்டாட்டி இல்லை. தெருவில் அவனுக்கு இருந்ததெல்லாம், சென்றாயன் பார்த்த இடம் என்றால் தப்பாது என்ற ஒரு பேச்சுதான். அதை அவள் ஒரு கூடை விதைக்காக அழித்துவிட்டாள்.

காலையில் எல்லாரும் ஓலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் நடுவில் போய் நின்றாள். கூடையைத் தூக்கிக் காட்டினாள். சாக்கு, எலிக்குஞ்சு, குப்பாயிக்குக் கொடுத்தது, எல்லாவற்றையும் நாள் வாரியாகச் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை.

மாதையன் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் முடித்ததும் தலையை ஆட்டினார்.

"தம்பி மேல பழி வரக்கூடாதுன்னு நீ ஏத்துக்கற, அம்மிணி. உன்னாட்டம் அக்கா கெடைக்க அவன் குடுத்து வெச்சிருக்கோணும்."

"பொய் சொல்லலீங்க மாமா. மாரியம்மன் மேல சத்தியமா..."

"சத்தியம் பண்ணாத சாமி, வேண்டாம். அந்தக் கூடைய நீயுந்தான பக்கத்துல வெச்சுப் படுத்த? உனக்கு ஏன் வரல? இந்த அடிமண்ணுல என்னமோ இருக்குது. எனக்குத் தெரியும்."

பெண்கள் சிலர் அவளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டு உயிரைக் கொண்டுபோனவளுக்கு அன்றைக்குத் தெருவில் மரியாதை கூடியது. அதைவிடக் கேவலம் தன் வாழ்நாளில் வேறு இல்லை என்று அவள் நினைத்தாள்.

ஆடியில் அந்த விதையை விதைத்தாள். விதைக்காமல் என்ன செய்வாள்? கதிர் ஒவ்வொன்றும் கை நிறைய இருந்தது. முதல் களி கிண்டிய அன்று சென்றாயன் இரண்டு உருண்டை சாப்பிட்டான். அவள் சாப்பிடவில்லை.

அடுத்த அட்சய வருஷம் மார்கழி நான்காம் தேதி மறுபடியும் எலி விழுந்தது. சென்றாயன் அதற்குள் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தான். யாரும் கேட்கவில்லை என்றாலும் பார்த்து வைத்திருந்தான். தெரு அவன் வீட்டைத் தாண்டிப் போனது. பெரிய ரோட்டோரம் ஒரு மாந்தோப்பு, ஏற்கெனவே மூன்று தெருக்காரர்கள் அங்கே இருந்தார்கள். வண்டிக்காரர்கள் நெல் மூட்டையோடு அங்கேயே அவிழ்த்துப் போட்டுத் தங்குவார்கள். நாலு பேர் இருக்கிற இடம்தான் நல்லது என்று மாதையன் சொல்லிவிட்டார். ராமாத்தாள் வீட்டு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள்.

"நீ வா அம்மிணி எங்களோட. உனக்கு ஒரு கொட்டகை போட்டுத் தாரோம். அவன்தான் வேண்டாம்" என்றார் மாதையன்.

அவள் போகவில்லை. அக்காளும் தம்பியும் இரண்டே கொட்டகை போட்டுக்கொண்டு அவன் பார்த்து வைத்திருந்த புது இடத்தில், மலையின் மறுபக்கத்து அடிவாரத்தில் இருந்தார்கள். அந்த முறை அவள் வெறுங்கையோடு போனாள். பேச ஆள் இல்லாத இடத்தில் அவள் சோறாக்கினாள், அவன் அங்கிருந்த ஊற்றைத் தூர்வாரினான்.

தை எட்டாம் தேதி மதியம் மாதையன் வந்தார். எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை, காலெல்லாம் முள் கிழித்திருந்தது. பக்கத்தில் வராமல் பாறைக்குக் கீழேயே நின்றார்.

"சென்றாயா, இருக்கியா சாமி?"

"இருக்கேனுங்க மாமா. மேல வாங்க."

"வரல. நான் பொணத்தத் தொட்டவன்." அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "தோப்புல நம்ம தெரு ஆளு ஏழு பேரு போயிட்டாங்க. பக்கத்து ஊருக்காரங்க அவங்க சுடுகாட்டுல உட மாட்டேங்கறாங்க. ரோட்டோரம் பொதைக்கவும் வேண்டாம்னு தடி எடுத்துட்டு நிக்கறாங்க. பொணமெல்லாம் நேத்திருந்து கெடக்குது. யாரு கண்ணுலயும் படாத எடமா ஒண்ணு பாத்துக் குடு. உனக்குத் தெரியாத எடமா?"

ராமாத்தாள் எழுந்தாள். பாறை ஓரத்துக்கு வந்தாள்.

"ஏனுங்க மாமா, இப்பத்தான் எடம் தெரிஞ்சுதா? ஏழு பேரு செத்தாங்களே, அந்தத் தோப்புல என்ன குடியிருக்குதுன்னு யாராச்சும் கேட்டீங்களா? அடிமண்ணு கெட்டதுன்னு சொன்னீங்களா?"

"அது நோவு அம்மிணி. ஊரெல்லாம் இருக்கற நோவு. தோப்பு என்ன பண்ணும்?" என்றார் மாதையன். அவர் குரலில் கள்ளம் இல்லை. மனதார அப்படித்தான் நம்பினார்.

அவள் தம்பியைப் பார்த்தாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சென்றாயன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு பாறையிலிருந்து இறங்கிவிட்டான். மாதையனுக்குப் பத்தடி தள்ளி நின்றான்.

"தோப்புல இன்னும் எத்தன பேரு காய்ச்சலாப் படுத்திருக்காங்க மாமா?"

"ஒம்போது. ஏன் சாமி?"

"அப்ப எடம் கொஞ்சம் பெருசாத்தான் பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு அவன் முன்னால் நடந்தான்.